மீன்களுக்காக வாதாடிய டாக்டர்

துடியலூரிலிருந்து வடக்கே பார்த்தால் நீலகிரி மலை தெரியும். அந்த மலையில் பிறக்கும் ஓடைகள் பல கீழே இறங்கிப் பவானி ஆற்றில் சேருகின்றன. கோவை மக்கள் குடிக்கும் பில்லூர்த் தண்ணீரும் பவானித் தண்ணீர்தான்.

அந்தப் பவானியில் வாழும் மீன்களை உலகத்துக்கு அறிமுகம் செய்தவர்களில் ஒருவர் ஒரு பட்டாளத்து டாக்டர். அவர் பெயர் பிரான்சிஸ் டே.

அவர் வாழ்க்கையில் ஒரு விசித்திரம் உண்டு. நம் மீன்களைக் காக்க வேண்டும் என்று சர்க்காரிடம் வாதாடியவர் அவர். நம் மீன்களைத் தின்னக்கூடிய சீமை மீனை நீலகிரிக்குக் கொண்டுவர முதலில் முயன்றவரும் அவரே!

பட்டாளத்து டாக்டர்

பிரான்சிஸ் டே 1829ஆம் ஆண்டு மார்ச் 2ந் தேதி இங்கிலாந்தில் பிறந்தார். லண்டனில் வைத்தியம் படித்தார். 1852ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் டாக்டராகச் சேர்ந்தார். பர்மா யுத்தத்துக்கும் போனார். பிறகு கொச்சியில் வேலை பார்த்தார்.

கொச்சி கடலோர ஊர். தினமும் வகை வகையாக மீன் வந்து இறங்கும். டாக்டருக்கு அவற்றின் மீது ஆசை பிறந்தது. ஒவ்வொரு மீனையும் வாங்கி, அளந்து, செதில்களை எண்ணி எழுதி வைத்தார். மலையாளக் கரை மீன்களைப் பற்றிய அவருடைய புத்தகம் 1865ல் வெளிவந்தது.

பிறகு அவர் பார்வை நீலகிரிப் பக்கம் திரும்பியது. மலையடிவாரத்துப் பவானியில் கிடைத்த கெண்டை இனத்து மீன் ஒன்றை 1867ல் முதன் முதலாக விவரித்து எழுதினார். அதே ஆண்டில் மலை மேல் ஓடைகளில் துள்ளும் விரல் நீள மீன் ஒன்றுக்கும் பெயர் வைத்தார். அந்தப் பெயரிலேயே நீலகிரி இருக்கிறது.

சீமை மீன் ஆசை

அக்காலத்தில் வெள்ளைக்கார அதிகாரிகள் ஊட்டியைத் தங்கள் ஊரைப் போலவே ஆக்க விரும்பினார்கள். சீமைச் செடி வந்தது. சீமை மரம் வந்தது. மீன் மட்டும் வரவில்லை. தூண்டில் போட்டுப் பிடிக்க அவர்கள் பெரிதும் விரும்பியது டிரவுட் மீன்.

டிரவுட் குளிர்ந்த நீரில்தான் வாழும். பூச்சிகளையும், தன்னைவிடச் சிறிய மீன்களையும் தின்னும்.

1863லும், 1866லும் டே இந்த மீனை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார். சூயஸ் கால்வாய் அப்போது திறக்கப்படவில்லை. வெயில் கொளுத்தும் கடல்களைத் தாண்டி, குளிர் நீர் மீனை நெடுந்தூரம் கொண்டுவர வேண்டும். இரண்டு முயற்சிகளும் பலிக்கவில்லை.

தாசில்தார்களுக்குப் போன கேள்விகள்

1871ல் டே இந்தியா முழுவதற்கும் மீன்துறைத் தலைமை அதிகாரி ஆனார். ஆறு ஆறாகச் சுற்றினார். ஊர் ஊராகத் தாசில்தார்களின் பதில்களைத் திரட்டினார். எந்த வலை? எத்தனை பெரிய கண்? மீன் கூடுகிறதா, குறைகிறதா?

வந்த பதில்கள் அவரைத் திடுக்கிட வைத்தன. சிறு கண் வலை போட்டுக் குஞ்சுகளையும் வாரினார்கள். தண்ணீரில் விஷம் கலந்தார்கள். அணைக்கட்டுகள் முட்டையிட ஏறிச் செல்லும் மீன்களை வழி மறித்தன. குஞ்சு போனால் நாளைக்குக் குழம்பு ஏது? வலைக்கண்ணுக்கு அளவு வேண்டும், அணையில் மீனுக்கு வழி வேண்டும் என்று டே வற்புறுத்தினார். 1873ல் அவர் அறிக்கை வெளிவந்தது. சட்டம் உடனே வரவில்லை.

விருந்தாளிக்குக் காவல்

1877ல் டே ஓய்வு பெற்றுத் தாய்நாடு திரும்பினார். 1879ல் நீலகிரிக்கு ஒரு சட்டம் வந்தது. வேட்டை விலங்குகளையும், வெளியிலிருந்து கொண்டு வந்து பழக்கிய மீன்களையும் காப்பது அதன் நோக்கம். விருந்தாளிக்குக் காவல் கிடைத்தது. வீட்டுக்காரரை யாரும் நினைக்கவில்லை!

டே இங்கிலாந்திலும் சும்மா இருக்கவில்லை. இந்திய மீன்களைப் பற்றிய அவருடைய கடைசிப் பெரும் நூல் 1889ல் வெளிவந்தது. அதில் 1,400க்கும் மேற்பட்ட மீன் இனங்கள் இடம் பெற்றன. அதே ஆண்டு ஜூலை 10ந் தேதி, தம் 60வது வயதில், புற்றுநோயால் அவர் காலமானார்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1897ல், இந்திய மீன்வளச் சட்டம் பிறந்தது. வெடி வைத்தும், விஷம் கலந்தும் மீன் பிடிப்பது குற்றம் ஆயிற்று. வலைக்கண்ணுக்கு அளவு விதிக்கவும் மாகாண சர்க்கார்களுக்கு அதிகாரம் கிடைத்தது. அவர் கேட்டதில் ஒரு பங்கு, அவர் போன பிறகு நிறைவேறியது.

அவருடைய மற்றொரு ஆசையும் பின்னால் பலித்தது. 1907ல் அவலாஞ்சியில் மீன் குஞ்சு பொரிக்கும் நிலையம் ஏற்பட்டது. வானவில் டிரவுட் மலை ஓடைகளில் குடியேறியது.

தூண்டிலுக்கும் நீதி

டே பெயர் வைத்த அந்த நீலகிரிச் சிறு மீன் இன்று அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் உலகப் பட்டியலில் இருக்கிறது. நீர் கெடுவதும், வெளியிலிருந்து வந்த மீன்களும் இத்தகைய சிறு மீன்களுக்குப் பகை.

அமெரிக்காவில் எல்லோஸ்டோன் என்ற ஏரி இருக்கிறது. சொந்த மீனைத் தின்னும் வேற்று டிரவுட் அங்கே நுழைந்திருப்பது 1994ல் தெரிய வந்தது. உடனே வலை போட்டு அதைப் பிடிக்கத் தொடங்கினார்கள். தூண்டில்காரர்களுக்கும் விதி உண்டு. வந்த மீன் சிக்கினால் கொன்றுவிட வேண்டும், திரும்ப விடக்கூடாது. சொந்த மீன் சிக்கினால் உயிரோடு தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

1879ல் நீலகிரியில் போட்ட விதிக்கு இது நேர் எதிர். அதே தூண்டில்தான், அதே ஆசைதான். யாரைக் காப்பது என்பதுதான் மாறியது.

டே செய்த முயற்சியில் கெட்ட எண்ணம் இல்லை. வந்த மீன் இருந்த மீனை என்ன செய்யும் என்று அக்காலத்தில் பலர் எண்ணிப் பார்க்கவில்லை. இன்று அதை எண்ணிப் பார்க்க முடிகிறது. அதற்கும் அவர் எழுதி வைத்த கணக்கே துணை செய்கிறது. எந்த ஓடையில் எந்த மீன் இருந்தது என்று தெரிந்தால்தானே, எது குறைந்தது என்று சொல்ல முடியும்?