எடை பார்க்காத நவாப்



நம் வாழப்பாடிக்காரர்களுக்கு வெள்ளி புதிதல்ல. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்காத வீடு நம் பக்கத்தில் குறைவு. வெள்ளிச் சாமான் எதைக் கையில் எடுத்தாலும் எத்தனை கிராம் என்றுதான் முதலில் கேட்போம். அப்படிக் கேட்காமல் வேலைப்பாட்டைப் பார்த்தே வாங்கிய ஒருவரைப் பற்றி இந்த முறை எழுதுகிறேன்.

அவர் ஹைதராபாத்தின் மூன்றாம் சாலார் ஜங். பெயர் மீர் யூசுப் அலி கான். 1889 ஜூன் 13 அன்று பூனாவில் பிறந்தார். குழந்தைக்கு ஒரு மாதம் ஆவதற்குள் தந்தை காலமானார். தாத்தா, தந்தை இருவருமே நிஜாமிடம் திவானாக இருந்தவர்கள். இவரும் 1912இல், 23 வயதில், அதே பதவிக்கு வந்தார். இரண்டே ஆண்டில், 1914இல், விலகிவிட்டார்.

அதன் பிறகு சுமார் 35 ஆண்டுகள், ஜாகீர் வருமானத்தில் பெரும்பகுதியைக் கலைப்பொருள்களுக்கே செலவிட்டார். திருமணம் செய்துகொள்ளவில்லை. பழம்பொருள் வியாபாரிகள் அவருடைய திவான் தேவடி மாளிகையைத் தேடி வந்தார்கள். வெனிஸ், பொஹீமியா கண்ணாடிச் சாமான்கள், ஐரோப்பியப் பீங்கான், பீதர் நகரத்து பித்ரி வேலை, மீனாக்காரி எனப்படும் எனாமல் வேலை என்று எல்லாம் அங்கே சேர்ந்தன.

மீனாக்காரி என்பது வேறொன்றும் இல்லை. வெள்ளியிலோ தங்கத்திலோ பள்ளம் செதுக்கி, வண்ணக் கண்ணாடித் தூளை நிரப்பி, சூளையில் சுடுவார்கள். தூள் உருகி உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். பளபளக்கும் கிரிஸ்டல் கிண்ணமும் கண்ணாடிதான். அதில் ஈய ஆக்சைடு சேர்ப்பதால் அந்த மினுமினுப்பு வருகிறது. இவற்றை உருக்கினால் கைவேலை போய்விடும், வெறும் எடைதான் மிஞ்சும்.

1949 மார்ச் 2 அன்று நவாப் காலமானார். நேரடி வாரிசு கிடையாது. சொத்து சிதறிப் போயிருக்கலாம். ஆனால் 1951 டிசம்பர் 16 அன்று திவான் தேவடியிலேயே அருங்காட்சியகமாக நேரு திறந்து வைத்தார். 1958இல் உயர் நீதிமன்றத்தில் ஏற்பட்ட சமரசப்படி உறவினர்கள் சேகரிப்பை அரசுக்கு விட்டுக்கொடுத்தார்கள். 1961இல் நாடாளுமன்றச் சட்டம் வந்தது. 1968 முதல் மூசி ஆற்றங்கரைக் கட்டடத்தில் இருக்கிறது. ஹைதராபாத் போனால் பாருங்கள், வெள்ளிக்கிழமை விடுமுறை.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், எங்கள் அம்மா காலமான பின் அண்ணன் தம்பி நாங்கள் நால்வரும் வெள்ளிச் சாமான்களைத் தராசில் வைத்துப் பங்கு போட்டோம். கணக்கு சரியாக வரவில்லை. பூவேலை செய்த பச்சை எனாமல் தட்டு ஒன்றைக் கடையில் போட்டுப் பணமாக்கிப் பிரித்தோம். பாட்டி வீட்டுச் சீர் அது. ஆளுக்குக் கிடைத்த தொகை இன்று நினைவில்லை, தட்டு நினைவிருக்கிறது. பேங்கில் அத்தனை வருடம் கணக்கு எழுதிய நானே அப்படிச் செய்தேன்.

உங்கள் வீட்டுப் பழைய சாமான்களை ஒரு நோட்டில் எழுதி, போட்டோ எடுத்து வையுங்கள். யாருடைய சீர், எங்கிருந்து வந்தது என்று குறியுங்கள். லாக்கருக்கு நாமினி போட்டால் மட்டும் போதாது. எந்தப் பொருள் யாருக்கு என்று உயிலில் எழுதுங்கள். பிள்ளைகளிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள்.