மருந்து தந்த மாமேதை சுப்பாராவ்

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருத்தன்தான். அதனால் மருந்துச் சீட்டு எது வந்தாலும் என் கைக்குத்தான் வரும். போன வருடம் மாமாவுக்குக் கழுத்தில் நெறி கட்டியது. லிம்போமா புற்றுநோய் என்றார்கள். வைத்தியத்தில் சரியானது, இந்த வருடம் திரும்பி வந்துவிட்டது. இப்போது வேறு மூன்று மருந்துகளைச் சேர்த்து ஏற்றுகிறார்கள். வாடிப்போன உடம்புக்கு எதுக்குடா மூணு மருந்து என்று அம்மா கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியலை. நூலகத்தில் தேடினேன். அங்கே கிடைத்தவர்தான் டாக்டர் எல்லப்பிரகத சுப்பாராவ்.

1895-இல், அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்த தெலுங்கர். மெட்ரிக்கில் இரண்டு முறை ஃபெயில்! மூன்றாம் முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரிக்குக் கதர் உடுத்திப் போனதால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ்.தான் கிடைத்தது. 1922-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குப் போனார். ஹார்வர்டில் அவர் முதலில் படித்ததும் நம்மைப் போல டிப்ளமோதான்! வயிற்றுப் பிழைப்புக்கு ராத்திரியில் ஆஸ்பத்திரியில் பெட்பேன் கழுவினார்.

1940-இல் லெடர்லே மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவர் குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். செல்கள் பெருகுவதற்கு இந்த வைட்டமின் வேண்டும். புற்றுநோய்ச் செல்லுக்கும் அதேதான் வேண்டும். அதனால் அதே போல ஒரு போலியையும் செய்தார்கள். டூப்ளிகேட் சாவி மாதிரி, பூட்டுக்குள் போய் மாட்டிக்கொள்ளும், ஆனால் திறக்காது. அப்படி வந்தவைதான் அமினோப்டெரின், மெத்தோட்ரெக்சேட்.

1947-இல் பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்தார். 10 பேருக்குக் குணம் தெரிந்தது. ஆனால் சில மாதத்தில் நோய் திரும்பிவிட்டது. அதற்கு வழி காணும் முன்பே, 1948-இல், 53 வயதில் சுப்பாராவ் காலமானார்.

வழி 1960-களில் பிறந்தது. ஒரு மருந்துக்குத் தப்பிய செல் இன்னொன்றில் மாட்டும். ஒவ்வொரு மருந்தும் செல்லை ஒவ்வொரு இடத்தில் தாக்கும். பக்க விளைவுகளும் வேறு வேறு உறுப்பில் என்றால் உடம்பு தாங்கும். இப்படிச் சேர்த்துக் கொடுத்த முதல் மருந்துக் கூட்டுகளில் மெத்தோட்ரெக்சேட்டும் ஒன்று. ரத்தப் புற்றுநோய்க்கு மட்டுமல்ல, ஹாட்ஜ்கின் லிம்போமாவுக்கும் கொடுத்தார்கள். மாமாவின் சீட்டில் அந்தப் பெயர் இல்லை. ஆனால் மூன்று ஏன் என்ற கணக்கு அதேதான்.

இதை அம்மாவிடம் சொன்னேன். முழுசாகப் புரிந்ததா தெரியாது, ஆனால் மறுநாள் மாமாவுக்குத் தானே கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு கிளம்பிட்டாங்க. அடுத்த வாரம் மாமாவுக்கு மூன்றாவது தவணை ஏற்றுகிறார்கள். என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

நண்பர்களே, அரியர் விழுந்தால் துவண்டுவிடாதீர்கள். மெட்ரிக்கில் இரண்டு முறை தவறியவர் தந்ததுதான் இன்றும் ஆஸ்பத்திரிகளில் பயன்படும் மெத்தோட்ரெக்சேட்!

– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்