மேஜை மேல் ரெயில் விட்ட மகாராஜா

பீர்க்கன்கரணை வாசிகளுக்கு ரெயில் புதிதல்ல. பக்கத்திலேயே பெருங்களத்தூர் ஸ்டேஷன். அந்த வழியில் முன்பு மீட்டர் கேஜ் ரெயில் ஓடியது. இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1 மீட்டர்தான் அகலம். அதைவிடச் சிறிய ரெயில்கள் மீது ஆசை வைத்த ஒரு மகாராஜா வடக்கே இருந்தார்.

அவர் பெயர் மாதவராவ் சிந்தியா. 1876-ம் ஆண்டு பிறந்தார். 9 வயதில் தந்தையை இழந்தார். அந்த வயதிலேயே குவாலியர் மகாராஜா ஆனார்.

வெள்ளி ரெயில்

விருந்து மேஜை மீது அவர் தண்டவாளம் போட்டார். அதில் வெள்ளியால் செய்த குட்டி ரெயில் மின்சாரத்தில் ஓடியது. மதுவும் சுருட்டும் ஏற்றிக்கொண்டு விருந்தாளிகளைச் சுற்றி வந்தது. பாட்டிலைத் தூக்கினால் ரெயில் நின்றுவிடும். திரும்ப வைத்தால் புறப்படும்!

நிஜ ரெயில்

இது வெறும் ராஜா விளையாட்டா? இல்லை. அரண்மனைத் தோட்டத்தில் 2 அடி அகலப் பாதை போட்டு நிஜ ரெயிலும் விட்டார். அந்தப் பாதை தோட்டத்தோடு நிற்கவில்லை. 1899-ம் ஆண்டு பிந்த் நகரை எட்டியது. இன்னொரு கிளை 1909-ம் ஆண்டு சியோப்பூர் சேர்ந்தது. அதன் நீளம் சுமார் 200 கிலோமீட்டர். வண்டி மெதுவாகத்தான் போகும். ஆனால் கிராமத்து ஜனங்கள் சந்தைக்கும் பட்டணத்துக்கும் அதில்தான் போனார்கள்.

மாதவராவ் 1925-ம் ஆண்டு பாரிஸ் நகரில் காலமானார். அப்போது வயது 48.

வெள்ளி ரெயில் இன்று குவாலியர் அரண்மனைக் காட்சிசாலையில் இருக்கிறது. சியோப்பூர் ரெயில் 2020-ம் ஆண்டு நின்றது. வெள்ளி ரெயில் விருந்தாளிகளை மகிழ்வித்தது. இரும்பு ரெயிலோ நூறு ஆண்டுகளுக்கு மேல் ஏழைகளைச் சுமந்தது.