சொற்பொருள் தேடிய சான்றோர்

போட்டித் தேர்வு எழுதும் மாணாக்கர் அனைவரும் அறிந்த வினா ஒன்றுண்டு. முன்பின் கண்டிராத உரைப்பகுதி ஒன்றைத் தந்து, அதன்கண் அடிக்கோடிட்ட சொல்லுக்குப் பொருள் யாது என வினவுவர். அகராதி கையில் இராது. முன்னும் பின்னும் நிற்கும் சொற்களே துணை. இத்தகைய தேர்வை ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் எழுதி வென்ற பெருமகனார் டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஆவார்.

அவர் 1855ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19ஆம் நாள் பிறந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் கற்றார். திருவாவடுதுறை ஆதீனத்தின் அரவணைப்பில் புலமை பெற்றார். 1880இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியரானார்.

அவ்வாண்டிலேயே அவர் வாழ்வைத் திருப்பிய சந்திப்பு நிகழ்ந்தது. அந்நகரில் நீதிபதியாயிருந்த சேலம் இராமசுவாமி முதலியார், அவர் கற்ற நூல்களைப் பற்றி வினவினார். அந்தாதிகளும் கோவைகளும் பிள்ளைத்தமிழ்களும் கொண்ட நெடும்பட்டியல் முதலியாருக்கு நிறைவளிக்கவில்லை. அவற்றினும் பழைய நூல்களைக் கற்றதுண்டோ எனக் கேட்டு, சீவக சிந்தாமணியை எடுத்தளித்தார். பெரும்புலவரிடம் கற்றும் அந்நூல் ஐயருக்கு எளிதில் விளங்கவில்லை. எழுத்துகள் தெரிந்தன, சொற்களும் தமிழே, பொருள் மட்டும் பிடிபடவில்லை.

ஊகித்து ஒரு பொருளை எழுதிவிட்டுச் செல்லுதல் எளிது. ஐயர் அதனைச் செய்திலர். சிந்தாமணி சமண காவியமாதலின், கும்பகோணத்துச் சமணர் இல்லம் நாடிச் சென்று, அவர்தம் வழக்கங்களையும் சமயக் கருத்துகளையும் கேட்டறிந்தார். ஒரு சொல் வேறெந்நூலில் எவ்வாறு ஆளப்பட்டுள்ளது எனக் குறித்து வைத்து ஒப்பு நோக்கினார். ஏடுகள் பல தேடிப் பாடவேறுபாடு கண்டார். 1887இல் நச்சினார்க்கினியர் உரையுடன் சிந்தாமணி முழுமையாக அச்சேறியது.

மணிமேகலை இதனினும் கடுஞ்சோதனையாயிற்று. அதன் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில் பிரமர் என்னும் சொல் வருகின்றது. படைப்புக் கடவுளாகிய பிரமனை அறியாதார் யார்? ஆயினும் அங்கே உருவமற்ற பிரமர் நால்வகையர் என்றும், உருவமுடைய பிரமர் பதினாறு வகையர் என்றும் எண்ணிக்கை கூறப்படுகின்றது. தெரிந்த பொருள் அவ்விடத்திற்குப் பொருந்தாது என்பதை அந்த எண்களே காட்டின. பௌத்த நூல்களில் வல்ல பேராசிரியர் இரங்காசாரியாரின் துணையால், அவர் பௌத்த சமயம் கூறும் உலக அமைப்பினை அறிந்து தெளிந்தார். 1898இல் மணிமேகலை வெளிவந்தபோது பௌத்த சமயச் செய்திகளும் உடன் விளக்கப்பெற்றன.

சைவ மடத்தில் வளர்ந்த ஒருவர், தம் சமயப் பொருளைப் பிறர் நூலில் ஏற்றாது, அச்சொல்லுக்குரியார் கொண்ட பொருளையே தேடி வழங்கினார் என்பது நாம் ஊன்றி நினைக்கத்தக்கது. அது புலமை மட்டுமன்று, அறமுமாகும். பிறர் சொல்லைப் பிறழ உணர்தலால் விளையும் பகைமையை உலகம் நாளும் காண்கின்றது.

பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, குறுந்தொகை எனப் பல நூல்களைப் பதிப்பித்த அப்பெருந்தகை, 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் மறைந்தார்.

மாணாக்கச் செல்வங்களே! தேர்வுத்தாளில் அருஞ்சொல் எதிர்ப்படும்போது கலங்கற்க. தெரிந்த பொருள் என்று விரைந்தும் குறிக்கற்க. விடைத்தெரிவுகளுள் யாவர்க்கும் பழகிய பொருளே பலகால் பொறியாக வைக்கப்படும். எண், உவமை, எதிர்ச்சொல், காரணம் காட்டும் இணைப்புச்சொல் ஆகியவற்றைச் சுற்றிலும் தேடுக. தேர்ந்த பொருளை அவ்விடத்தில் இட்டு, தொடர் முழுவதையும் மீண்டும் படித்துப் பார்க்க. பொருந்தாவிடின் கைவிடுக. ஐயர் பெருமான் சென்ற வழி அதுவே.