வலி தணிக்கும் மருந்தாகக் கஞ்சாவை ஆராய்ந்த கல்கத்தா பேராசிரியர் ஓஷாநெசி

கொல்கத்தா: இந்தியாவில் தந்திச் சேவையை நிறுவியவர் என்றே வரலாற்றில் பெரிதும் அறியப்படுபவர் வில்லியம் புரூக் ஓஷாநெசி. தந்திக் கம்பங்கள் நாடெங்கும் எழுவதற்கு ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்கு முன்பே, கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த அவர் மற்றொரு பணியைச் செய்து முடித்திருந்தார். இந்தியர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவந்த கஞ்சாவை, வலியையும் இசிவையும் தணிக்கும் மருந்தாக முறைப்படி சோதித்து, அதன் முடிவுகளை 1839ஆம் ஆண்டு வெளியிட்டார். மேலை மருத்துவத்தில் அந்தச் செடி இடம்பெற அதுவே முதன்மைக் காரணமாயிற்று.

அயர்லாந்தின் லிமெரிக் நகரில் பிறந்த ஓஷாநெசி, எடின்பரோவில் பயின்று 1829இல் மருத்துவப் பட்டம் பெற்றார். இரண்டே ஆண்டுகளில் பிரிட்டனைக் காலரா தாக்கியது. நோயாளிகளின் இரத்தத்தைப் பகுப்பாய்வு செய்த அவர், அதிலிருந்து நீரும் உப்புகளும் பேரளவில் வெளியேறிவிடுவதைக் கண்டறிந்தார். இழந்தவற்றை நரம்பு வழியாகவே மீண்டும் செலுத்தலாம் என்று அவர் பரிந்துரைத்தபோது வயது 22. அந்த யோசனையை ஸ்காட்லாந்து மருத்துவர் தாமஸ் லட்டா 1832இல் செயல்படுத்திக் காட்டினார். இன்று ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஏற்றப்படும் உப்புநீர்க் கரைசலின் தொடக்கம் அதுதான். அவ்வளவு பெரிய கண்டுபிடிப்பைச் செய்த இளைஞருக்கு லண்டனில் மருத்துவத் தொழில் புரிய உரிமம் கிடைக்கவில்லை. எனவே கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவப் பணியில் சேர்ந்து 1833இல் இந்தியா புறப்பட்டார்.

கல்கத்தா மருத்துவக் கல்லூரி 1835இல் தொடங்கப்பட்டபோது அங்கு வேதியியல் கற்பிக்கும் பொறுப்பு அவருக்கு வழங்கப்பட்டது. அக்காலத்தில் வலிக்கு மருத்துவர் கையிலிருந்தவை அபினும் மதுவும் மட்டுமே என்று சொன்னால் அது பெரும் மிகையாகாது. அபினிலிருந்து மார்ஃபின் பிரித்தெடுக்கப்பட்டிருந்தாலும், அதனை ஊசி வழியாகச் செலுத்தும் முறை இன்னும் வரவில்லை. ஈதர் மயக்கத்தில் அறுவை சிகிச்சை செய்யலாம் என்பது 1846இல்தான் பாஸ்டன் நகரில் நிரூபிக்கப்பட்டது. கை கால் துண்டிப்பு முதலிய அறுவைகள், நோயாளி விழித்திருக்கும்போதே நடந்தேறின.

கஞ்சாவை அவர் அணுகிய விதம் கவனத்துக்குரியது. முதலில் நூல்களைத் தேடினார். ஆசியாட்டிக் சங்கத்தின் பண்டிதர் கமலாகாந்த வித்யாலங்காரின் உதவியுடன் சமஸ்கிருத நூற்குறிப்புகளைத் திரட்டினார். அரபு, பாரசீக மருத்துவ நூல்கள் சொல்வதை ஹக்கீம்களிடம் கேட்டறிந்தார். பிறகு பாங்கு, கஞ்சா, சரஸ் ஆகியவற்றை மக்கள் எப்படித் தயாரிக்கின்றனர், எவ்வளவு உட்கொள்கின்றனர் என்று விசாரித்தார். அதன்பின் விலங்குகளிடம் சோதித்தார். நோயாளிகளுக்குக் கொடுத்தது இவை அனைத்துக்கும் பிறகே. நாட்டு வழக்கத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்காமலும், வழக்கம் என்பதாலேயே ஏற்காமலும் அவர் நடந்துகொண்டார். மருந்துச் சோதனைக்கு இத்தகைய படிநிலைகள் விதியாக வகுக்கப்படுவதற்குப் பல தலைமுறைகள் முன்பு நடந்தது இது.

நேபாளத்திலிருந்து வந்த சரஸைச் சாராயத்தில் கரைத்து நடுத்தர அளவுள்ள நாய் ஒன்றுக்கு முதலில் கொடுத்தார். அது தள்ளாடியது, தூங்கி வழிந்தது. சில மணி நேரத்தில் தீங்கின்றித் தெளிந்தது. பூனை, பன்றி, காகம், கழுகு, மீன் என்று சோதனை விரிந்தது. இறைச்சி உண்பவை எளிதில் மயங்குவதையும், குதிரை, மான், ஆடு, பசு போன்றவற்றிடம் விளைவு அற்பமாக இருப்பதையும் அவர் பதிவு செய்தார். எந்த விலங்கும் வலியால் துடித்ததாகவோ வலிப்பு கண்டதாகவோ குறிப்பு இல்லை என்பதே, மனிதர்களிடம் சோதிக்க அவருக்குத் துணிவளித்தது.

முதலில் மருந்து பெற்றவர்கள் மூட்டு வாதத்தால் அவதியுற்ற மூன்று மருத்துவமனை நோயாளிகள். கஞ்சாப் பிசின் ஒரு கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 65 மில்லிகிராம் என்பது தொடக்க அளவு. பிற்பகல் மருந்து உட்கொண்ட ஒருவர் மாலைக்குள் ஓயாமல் பேசினார், பாடினார், உணவு கேட்டார், பிறகு உறங்கினார். இரவில் அவரது கையைத் தூக்கி எந்த நிலையில் விட்டாலும் அப்படியே நின்றதைக் கண்டு மருத்துவர்கள் திகைத்தனர். நள்ளிரவு கடந்ததும் அவர் இயல்புக்குத் திரும்பினார், வலியும் குறைந்திருந்தது. பாதி அளவே கொடுக்கப்பட்ட முதிய கூலித் தொழிலாளி ஒருவரோ, வார்டு முழுவதையும் கதை சொல்லி மகிழ்வித்து, இருவருக்கான உணவை உண்டு, மறுநாள் அதே மருந்தை மீண்டும் கேட்டார். இத்தகைய நகைப்புக்குரிய விளைவுகளையும் ஓஷாநெசி மறைக்கவில்லை. கல்லூரி மாணவர்கள் சிலர் தாமே முன்வந்து மருந்தை உட்கொண்டதையும், அவர்களுள் ஒருவர் தம்மை அரசராகக் கருதிக் கட்டளைகள் பிறப்பித்ததையும்கூட எழுதிவைத்தார்.

அவரது அறிக்கையில் மிகுந்த கனமுள்ள பகுதி, வெறிநாய்க்கடி நோயாளி ஒருவரைப் பற்றியது. மருத்துவமனைக்கு வந்தவரும் ஒரு ஹக்கீம். மூன்று வாரங்களுக்கு முன் மணிக்கட்டில் வெறிநாய் கடித்திருந்தது. தாகம் வாட்டியது, ஆனால் நீரை நெருங்கினாலே தொண்டை இசிந்து உடல் துடித்தது. அந்நோய் முற்றிவிட்டால் பிழைக்கவைக்க இயலாது என்பதை மருத்துவர்கள் மட்டுமின்றி, அதே நோய்க்குச் சிகிச்சை அளித்த அனுபவமுள்ள அந்த நோயாளியும் அறிந்திருந்தார்.

மணிக்கு ஒரு முறை இரண்டு கிரெய்ன் பிசின் கொடுக்கப்பட்டது. மூன்றாவது வேளைக்குப் பிறகு அவரது முகம் தெளிந்தது. தமது நோயைப் பற்றி அமைதியாகப் பேசினார். நீர் அருந்த இயலாது, ஆரஞ்சு பழத்தை உறிஞ்ச முடியும் என்றார். கொண்டுவந்து கொடுத்தபோது சாற்றைத் தடையின்றி விழுங்கினார். சில மணி நேரம் உறங்கினார். விடியலில் துன்பம் திரும்பியது. மருந்து மீண்டும் கொடுக்கப்பட்டதும் தணிந்தது. கரும்புத் துண்டைச் சுவைத்தார், நனைத்த சோறு உண்டார், ஒருமுறை நீரையும் துன்பமின்றி அருந்தினார். நான்கு நாட்கள் இவ்வாறு கழிந்தன. ஐந்தாம் நாள் பிற்பகலில் ஆழ்ந்த மயக்கத்தில் வீழ்ந்து, மறுநாள் விடியுமுன் போராட்டமின்றி உயிர்நீத்தார்.

இதனை ஓஷாநெசி வெற்றியாகப் பறைசாற்றவும் இல்லை, தோல்வியாகப் புதைக்கவும் இல்லை. நோயை வெல்ல முடியவில்லை, அதன் கொடூரத்தை மட்டும் அகற்ற முடிந்தது என்பதே அவர் கண்ட முடிவின் சாரம். குணப்படுத்த இயலாதபோது வலியைத் தணிப்பதும் மருத்துவரின் முழுமையான கடமையே என்று அவர் கருதினார். நோய் தணிப்புச் சிகிச்சை என்ற துறை 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் உருப்பெற்றது. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் இன்றும் பெரும்பாலும் அத்தகைய சிகிச்சைதான் எஞ்சுகிறது.

ரணஜன்னி நோயாளிகளிடமும், காலராவிலும், பிறந்து 40 நாளே ஆன குழந்தையின் வலிப்பிலும் அவர் அதே மருந்தைப் பயன்படுத்தினார். ரணஜன்னியில் சிலர் உயிர் பிழைத்தது அவருக்குப் பெரும் நம்பிக்கை தந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாத அக்காலச் சோதனைகளிலிருந்து, அவர்கள் மருந்தால் பிழைத்தார்களா என்று தீர்மானிக்க முடியாது. அளவு மீறினால் தோன்றும் சித்தப் பிரமையை விவரித்து, குறைந்த அளவே போதும் என்று அவரே எச்சரித்திருந்தார்.

1841இல் விடுப்பில் இங்கிலாந்து சென்றபோது கஞ்சாப் பிசினையும் உடன் கொண்டுசென்றார். லண்டன் மருந்தாளர் பீட்டர் ஸ்குவயர் அதிலிருந்து வடிசாறு தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். தலைவலி, நரம்புவலி, மாதவிடாய் வலி ஆகியவற்றுக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது பரிந்துரைக்கப்பட்டது. விக்டோரியா ராணியும் அதனை உட்கொண்டார் என்ற கதை இன்றும் உலவுகிறது. அவரது அரச மருத்துவர்களுள் ஒருவரான ரசல் ரேனால்ட்ஸ் 1890இல் இம்மருந்தைப் பாராட்டி எழுதியதே அக்கதையின் வேர். ஓஷாநெசி தொகுத்த வங்க மருந்துநூல் 1842இல் வெளிவந்தது. மறு ஆண்டில் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

இந்தியா திரும்பிய பிறகு அவரது வாழ்க்கை வேறு திசையில் சென்றது. கஞ்சா ஆய்வு நடந்த அதே 1839இல், கல்கத்தாவில் மின்கம்பி வழியாகச் செய்தி அனுப்பும் சோதனையையும் அவர் செய்திருந்தார். கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி அதனை நினைவில் கொண்டு பெரும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். கல்கத்தாவுக்கும் டைமண்ட் ஹார்பருக்கும் இடையே 1851இல் தொடங்கிய தந்தித் தடம், 1855க்குள் ஆக்ரா, பம்பாய், சென்னை வரை நீண்டது. 1856இல் சர் பட்டம் கிடைத்தது. பின்னர் இங்கிலாந்தில் குடியேறிய அவர் 1861இல் தமது பெயரை மாற்றிக்கொண்டு, பொதுவாழ்விலிருந்து விலகி, 1889 ஜனவரியில் சவுத்சீயில் காலமானார்.

அவர் அறிமுகப்படுத்திய மருந்தும் அதற்குள் தேயத் தொடங்கியிருந்தது. பிசின் நீரில் கரையாது. ஆகவே 1850களில் வந்த ஊசிமருந்து முறை மார்ஃபினுக்கே உதவியது. ஒரு குப்பிக்கும் மறு குப்பிக்கும் வீரியம் வேறுபட்டதால் சரியான அளவை எவராலும் உறுதிசெய்ய முடியவில்லை. 1899இல் ஆஸ்பிரின் சந்தைக்கு வந்தது. 1925ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தம் இந்தியக் கஞ்சாவையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. 1942இல் அமெரிக்க மருந்துநூலிலிருந்தும் அது நீக்கப்பட்டது.

ஓஷாநெசியால் விடை காண முடியாத கேள்வி, அந்தப் பிசின் உடலில் என்ன செய்கிறது என்பது. 1964இல் இஸ்ரேல் விஞ்ஞானிகள் கவோனியும் மெகூலமும் அதன் முதன்மை வேதிப்பொருளைப் பிரித்து அமைப்பை அறிந்தனர். அப்பொருள் சென்று பொருந்தும் ஏற்பி நரம்பு செல்களில் இருப்பது 1988இல் தெரியவந்தது. 1992இல் மெகூலம் குழுவினர், மனித உடல் தானே சுரக்கும் அதையொத்த பொருளைக் கண்டறிந்து, ஆனந்தம் என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து அதற்கு ஆனந்தமைடு என்று பெயரிட்டனர்.

வலிச் செய்தி முதுகுத் தண்டில் ஒரு நரம்பிலிருந்து அடுத்த நரம்புக்குத் தாவும் இடத்தில் இப்பொருள்கள் வேலை செய்கின்றன. செய்தியைப் பெறும் செல்லிலிருந்து புறப்பட்டு, அனுப்பும் செல்லுக்கே திரும்பிச் சென்று, அதன் வேகத்தை இவை குறைக்கின்றன. மூச்சை இயக்கும் மூளைத்தண்டுப் பகுதியில் இந்த ஏற்பிகள் மிகக் குறைவு. மார்ஃபின் அளவு மீறினால் மூச்சு நின்றுவிடும். இதில் அந்த அபாயம் பெரிதாக இல்லை என்பதற்குக் காரணம் அதுவே. மனநலப் பாதிப்பும் பழக்க அடிமைத்தனமும் வேறு வகை அபாயங்கள். இளம் வயதினருக்கு அவை கூடுதல்.

அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் 2017ஆம் ஆண்டு அறிக்கை, நாள்பட்ட வலிக்குக் கஞ்சா பயன் தருவதற்குக் கணிசமான சான்று உண்டு என்று மதிப்பிட்டது. சர்வதேச வலி ஆய்வுச் சங்கமோ 2021இல், தரமான சோதனைகள் போதாது என்று கூறிப் பொதுப் பயன்பாட்டை ஆதரிக்க மறுத்தது. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சாவையும் சரஸையும் தடைசெய்து, இலையையும் விதையையும் விலக்கியுள்ளது. மருத்துவ, அறிவியல் தேவைக்காக உரிமம் பெற்றுப் பயிரிட அதே சட்டம் இடமளிக்கிறது. ஜம்முவில் உள்ள மத்திய அரசின் ஒருங்கிணைந்த மருத்துவ ஆய்வு நிறுவனம் அவ்வாறு செடிகளை வளர்த்து, புற்றுநோய் வலி உள்ளிட்டவற்றுக்கான மருந்துகளை ஆராய்ந்து வருகிறது.