தங்கவயலுக்குப் போன ‘தமிழன்’

திருத்தணியில் ரயில் ஏறினால் அரக்கோணம். அங்கே பெங்களூர் வண்டிக்கு மாறினால் பங்காருப்பேட்டை. அங்கிருந்து கிளைப் பாதையில் போனால் மாரிக்குப்பம், அதாவது கோலார் தங்கவயல். நூறு நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் வடார்க்காட்டுச் சேரிகளிலிருந்து பிழைப்புத் தேடிக் கிளம்பியவர்கள் போய்ச் சேர்ந்த இடம் அது. அன்று நம் திருத்தணியும் வடார்க்காட்டில்தான் இருந்தது. 1911-ல் சித்தூர் மாவட்டத்துக்குப் போய், 1960-ல் தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. மாவட்டம் மாறியதே தவிர, ஊர் ஊராகவும் சேரி சேரியாகவும்தான் இருந்தன.

தங்கவயலுக்கு ஆட்கள் மட்டும் போகவில்லை. வாரந்தோறும் ஒரு பத்திரிகையும் போனது. சென்னை இராயப்பேட்டையில் அச்சான ‘தமிழன்’. அதை நடத்தியவர் அயோத்திதாசப் பண்டிதர். பள்ளிப் பாடத்தில் படித்த பிள்ளைகளுக்குப் பெயர் தெரிந்திருக்கும். தங்கவயலை அருகில் வைத்துப் பார்த்தால் அவர் வாழ்க்கை இன்னும் தெளிவாக விளங்கும் என்பது நம் எண்ணம்.

அவர் பிறந்தது 1845 மே 20. பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். பாட்டனார் கந்தப்பன் வெள்ளைக்காரத் துரை வீட்டில் பட்லராக இருந்தவர். அவர் வீட்டில் பாதுகாத்து வைத்திருந்த திருக்குறள் ஓலைச்சுவடிதான் எல்லிஸ் துரையின் கைக்குப் போனது. படிக்கக் கூடாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட வீட்டில் குறள் இருந்தது என்பதை நம் மாணவர்கள் மறக்கக் கூடாது. காத்தவராயனுக்குத் தமிழும் சித்த மருத்துவமும் சொல்லிக்கொடுத்தவர் அயோத்திதாச கவிராஜ பண்டிதர். குரு மேல் இருந்த மதிப்பில் அவர் பெயரையே சீடர் தமக்கு வைத்துக்கொண்டார்.

இளமையில் நீலகிரியில் வாழ்ந்தார். தேயிலையும் காப்பியும் ஏறுமுகத்தில் இருந்த மலை அது. தோட்டம் ஒருவருடையது, கொழுந்து கிள்ளுவது இன்னொருவர் என்பதை அவர் ஏட்டில் படிக்கவில்லை, கண்ணால் பார்த்தார். 1891-ல் திராவிட மகாஜன சபையைத் தொடங்கி, அந்த ஆண்டு டிசம்பரில் ஊட்டியில் மாநாடு கூட்டினார்.

அடுத்த ஆண்டு சென்னையில் நடந்ததுதான் அவர் வாழ்க்கையின் திருப்பம். சென்னை மகாஜன சபை என்பது வக்கீல்களும் பெரிய மனிதர்களும் கூடிய சபை. அங்கே எழுந்து நின்று, எங்கள் மக்களை ஏன் சிவன் கோயிலிலும் பெருமாள் கோயிலிலும் விடுவதில்லை என்று கேட்டார். கூட்டத்தில் எதிர்ப்பு எழுந்தது. சிவநாம சாஸ்திரி என்பவர் எழுந்து, உங்களுக்குத்தான் மதுரைவீரனும் காட்டேரியும் கருப்பண்ணனும் இருக்கிறார்களே, சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கானவர்கள் அல்லர் என்று பதில் சொன்னார். பண்டிதர் தலைகுனிந்து உட்காரவில்லை. அப்படியானால் உங்கள் சாமி எங்களுக்கு வேண்டாம். பிள்ளைகளுக்கு நாலாம் வகுப்பு வரை இலவசப் படிப்பும், கிராமங்களில் தரிசாகக் கிடக்கும் நிலமும் கொடுங்கள் என்று கேட்டார்.

முருகன் மலையடிவாரத்தில் வாழும் நமக்கு இந்த இடத்தைக் கடந்துபோவது கடினம். தாழ்த்தப்பட்டோர் கோயிலுக்குள் போவதை உறுதி செய்த சென்னை மாகாணச் சட்டம் 1947-ல்தான் வந்தது. பண்டிதர் கேட்டு 55 ஆண்டுகள் கழித்து. படிக்கட்டின் கீழே நின்று கும்பிட்டுத் திரும்பிய தலைமுறைகள் எத்தனை! கோயில் மறுக்கப்பட்ட அந்த நிமிடத்தில் அவர் பள்ளிக்கூடத்தையும் நிலத்தையும் கேட்டார். கோபத்தில் வந்த பேச்சு என்று நாம் நினைக்கவில்லை. எது கையில் இருந்தால் ஒருவன் இன்னொருவனுக்கு அடிமையாக மாட்டான் என்ற கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது. அதே 1892-ல், செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து, தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் அரசாணையும் வந்தது. இன்று பஞ்சமி நிலம் என்று நாம் போராடுவது அதற்காகத்தான்.

1898-ல் கர்னல் ஆல்காட்டுடன் கொழும்பு போய்ப் பௌத்தம் தழுவினார். திரும்பி வந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் அமைத்தார். சாதிப்பெயர் சொல்லி அழைக்கப்பட்டவர்களைச் சாதிபேதமற்ற திராவிடர் என்றும் பூர்வ பௌத்தர் என்றும் அழைத்தார்.

1907 ஜூன் 19, புதன்கிழமை ‘ஒரு பைசாத் தமிழன்’ வெளிவந்தது. பெயரிலேயே விலை இருந்தது. காசில்லாதவனும் வாங்க வேண்டும் என்பதற்காகத்தான். ஓராண்டு கழித்து ‘தமிழன்’ ஆனது. அது சுதேசிக் காலம். அன்னியத் துணியை விடு, உள்நாட்டுத் தொழிலை வளர், நாடு செழிக்கும் என்று மேடைக்கு மேடை பேசினார்கள். பண்டிதர் ‘சுதேச சீர்திருத்தம்’ என்ற தொடரில் அதைத் திருப்பிக் கேட்டார். உழுகிறவனுக்கு நிலமில்லை, அவன் பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாது. இந்தச் சாதியை வைத்துக்கொண்டு விவசாயமும் தொழிலும் எப்படி ஓங்கும் என்பதே அவர் வாதம்.

கோலாரில் அந்த ஓங்குதல் நடந்துகொண்டிருந்தது. 1902-ல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து சுமார் 145 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கே விளக்கு வந்தது 1905-ல்தான். வெள்ளைக்கார அதிகாரிகளுக்குப் பங்களாவும் கிளப்பும் இருந்தன. குட்டி இங்கிலாந்து என்றே பெயர். தங்கத்தைத் தோண்டியவர்களுக்கு மூங்கில் தட்டிக் குடிசை. கீழே பாறை வெடித்துச் சிதறினால் உயிர் அவர்களுடையது. மேலே வந்த லாபம் லண்டன் பங்குதாரர்களுடையது. அப்படி இருந்தும் ஏன் போனார்கள்? கூலி காசாக வந்தது. பண்ணையாரின் களத்து மேட்டில் படி நெல்லுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அந்தக் காசில் ‘தமிழன்’ வாங்க முடிந்தது. மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் எழுந்தது. படிக்கத் தெரிந்தவர் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள்.

இங்கே பண்டிதரிடம் நமக்கு ஒரு மாறுபாடு உண்டு. ஆங்கில ஆட்சி நம்மைக் காக்கும் என்று அவர் மிகவும் நம்பினார். பள்ளிக்கூடக் கதவைத் திறந்தது அந்த ஆட்சி என்பதால் அந்த நம்பிக்கை புரிகிறது. ஆனால் அவர் வாசகர்களின் உழைப்பைக் கப்பலேற்றிக் கொண்டுபோனதும் அதே வெள்ளைக் கம்பெனிகள்தான்.

அதே ஆண்டுகளில் அமெரிக்காவையும் பாருங்கள். எஃகு, ரயில், எண்ணெய் என்று செல்வம் குவிந்தது. 1908-ல் ஃபோர்டு கம்பெனியின் புகழ்பெற்ற மாடல் டி கார் வந்தது. தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் தனிப் பெட்டியில் பயணம் செய்தார்கள். அடுத்தவன் நிலத்தில் வாரத்துக்கு உழுது கடனில் கிடந்தார்கள். கும்பல்களால் மரத்தில் தொங்கவிடப்பட்டார்கள். 1910-ல் டு பாய்ஸ் என்ற கறுப்பினப் பேரறிஞர் அவர்களுக்காக ‘கிரைசிஸ்’ என்ற இதழைத் தொடங்கினார். நம் ‘தமிழன்’ அதற்கு மூன்று ஆண்டு மூத்தது. இதைச் சொல்லிக்கொள்வதில் நமக்குக் கொஞ்சம் பெருமைதான். 1913-ல் அம்பேத்கர் படிக்கப் போய் இறங்கியது அந்த அமெரிக்காவில்தான்.

மறு ஆண்டு, 1914 மே 5-ல் பண்டிதர் மறைந்தார். மகன் பட்டாபிராமன் சிறிது காலம் இதழை நடத்தினார், பிறகு நின்றுபோனது. 1926-ல் அதை மீண்டும் எழுப்பியவர் ஜி. அப்பாதுரையார், அதுவும் கோலார் தங்கவயலிலிருந்து. இராயப்பேட்டையிலிருந்து வாங்கிப் படித்தவர்களின் ஊரே அச்சடிக்கும் ஊரானது. பண்டிதரின் எழுத்துகளைப் புத்தகங்களாக்கியதும் அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலைதான். அந்த உழைப்பு இல்லாவிட்டால் நாம் இன்று அவரைப் படித்திருப்போமா என்பது சந்தேகம்.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. தங்கம் எடுத்தபின் கொட்டிய சயனைடு மண் இன்னும் மலைமலையாக நிற்கிறது. காற்றடித்தால் வீடுகளுக்குள் வருகிறது. தோண்டியவர்களின் பேரப்பிள்ளைகள் விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, வேலைக்குப் பெங்களூர் போய் இரவில் திரும்புகிறார்கள்.