நாய்முக ஹோம்ஸும் ஒரு கண் டாக்டரும்

மியாசாகி என்றதும் நம்ம ஆட்களுக்கு டோட்டோரோவும் ஸ்பிரிட்டட் அவேயும்தான் ஞாபகம் வரும். கிப்ளி ஸ்டுடியோ தொடங்கினது 1985-இல். அதுக்கும் முன்னாடி அவர் கை வைத்த ஒரு குழந்தைகள் தொடர் இருக்கு, பேர் ஷெர்லாக் ஹவுண்ட். இத்தாலியின் ராய் டிவியும் ஜப்பானின் டோக்கியோ மூவி ஷின்ஷா நிறுவனமும் சேர்ந்து எடுத்தது. அதே லண்டன், அதே பேக்கர் தெரு. ஆனா ஊர்ல இருக்கிற அத்தனை பேரும் நாய்கள்! ஹோம்ஸுக்கு நரி மாதிரி நீண்ட மூக்கு. இன்ஸ்பெக்டர் லெஸ்ட்ரேட் ஒரு புல்டாக். வில்லன் பேராசிரியர் மோரியார்ட்டிக்கு ஓநாய் முகம். இரண்டு அடியாட்களை வைத்துக்கொண்டு விசித்திரமான இயந்திரங்களைக் கட்டுவதும், கடைசியில் அது உடைந்து சிதறுவதும்தான் அவருக்கு வேலை. மெக்கானிக்கல் பசங்க அவசியம் பார்க்கணும்.

ஒரு எபிசோடில் மோரியார்ட்டி, ஹோம்ஸின் வீட்டுக்காரம்மா ஹட்சனைக் கடத்திக்கொண்டு போய்விடுவார். அந்தம்மா பயப்படாமல் திருடர்களின் குப்பை பிடித்த வீட்டைப் பெருக்கி, சமைத்துப் போட்டு, மூன்று பேரையும் அடங்கின பிள்ளைகளாக மாற்றிவிடுவார். மூலக் கதைகளில் ஹட்சன் அம்மாவுக்கு மாடிக்குச் சாப்பாடு கொண்டு போவதைத் தவிர பெரிதாக எதுவும் கிடையாது. மியாசாகி அவரை இளம்பெண்ணாக்கி, காரும் விமானமும் ஓட்ட வைத்துவிட்டார்.

இதையெல்லாம் ஹோம்ஸை எழுதினவர் பார்த்திருந்தா கோபப்பட்டிருப்பாரா? நான் தேடிப் படித்த வரைக்கும், மாட்டார்னுதான் தோணுது. ஆர்தர் கானன் டாயில் உயிரோடு இருந்தபோதே, வில்லியம் கில்லெட் என்ற அமெரிக்க நடிகர் ஹோம்ஸை நாடகமாக்கினார். நாடகத்தில் ஹோம்ஸுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கலாமா என்று தந்தி அடித்துக் கேட்டார். கட்டி வைத்தாலும் சரி, கொன்றாலும் சரி, உங்கள் இஷ்டம் என்கிற மாதிரி பதில் போனது. அந்தப் பதிலில் தாராள மனசு மட்டும் இல்ல, ஒரு சலிப்பும் இருந்தது. அது எங்கிருந்து வந்ததுன்னு தெரியணும்னா அவர் கதையைக் கேட்கணும்.

1859 மே 22, ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தார். ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பம், பரம்பரையே ஓவியர்கள். தாத்தா ஜான் டாயில் லண்டனில் பேர் போன கேலிச்சித்திரக்காரர். பெரியப்பா ரிச்சர்ட், பஞ்ச் பத்திரிகையின் அட்டையை வரைந்தவர், தேவதைகள் வரைவதில் கெட்டிக்காரர். அப்பா சார்லஸும் வரைவார், ஆனா பிழைப்புக்கு ஒரு சாதாரண அரசாங்க வேலை. குடியில் விழுந்தார், வேலை போனது, கடைசியில் மனநோய் விடுதியில் சேர்த்தார்கள். அங்கேயும் நோட்டுப் புத்தகங்களில் குட்டிக் குட்டித் தேவதைகளை வரைந்துகொண்டே இருந்தார். இந்தத் தேவதைகளை மனசுல வெச்சுக்கங்க, பின்னாடி வரும்.

வீட்டைத் தாங்கினது அம்மா மேரி. பிள்ளைகளுக்குக் கதை சொல்வதில் மன்னி. கதை சொல்லும் வித்தை டாயிலுக்கு அங்கிருந்துதான் வந்தது.

1876-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் சேர்ந்தார். அங்கேதான் டாக்டர் ஜோசப் பெல். நோயாளி வாயைத் திறப்பதற்குள் அவர் என்ன தொழில் செய்பவர், எங்கிருந்து வருகிறார் என்று செருப்பையும் கையையும் நடையையும் பார்த்தே சொல்லிவிடுவார் இந்த மனுஷன். நோயாளிகளைப் பற்றிக் குறிப்பெடுத்து அவர் முன்னால் அனுப்பும் வேலைக்கு டாயிலைத்தான் வைத்துக்கொண்டார். ஒரு புரொபசர் பாடம் எடுப்பதைப் பார்த்து ஒரு மாணவன் உலகத்தின் மிகப் பிரபலமான துப்பறிவாளனை உருவாக்கியிருக்கான். நாம கடைசி பெஞ்சுல உட்கார்ந்து என்ன பண்றோம்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

படிப்பு முடியும் முன்னரே, 1880-இல், காசுக்காகத் திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்றில் டாக்டராக ஆர்க்டிக் போய்வந்தார். பனிக்கட்டி மேல் நடக்கப்போய்த் தண்ணீருக்குள் விழுந்தது ஒரு தடவை இரண்டு தடவை இல்ல. பட்டம் வாங்கிய பிறகு மேற்கு ஆப்பிரிக்காவுக்கு இன்னொரு கப்பல். 1882-இல் போர்ட்ஸ்மவுத்தின் சவுத்ஸீ பகுதியில் சொந்தமாக கிளினிக் போட்டார், கையில் பத்து பவுண்டுக்கும் குறைவு. நோயாளிகள் வரவில்லை. வராத நேரத்தில் எழுதினார்.

அப்படி 1886-இல் எழுதினதுதான் முதல் ஹோம்ஸ் நாவல், எ ஸ்டடி இன் ஸ்கார்லெட். பல இடங்களில் திரும்பி வந்த பிறகு வார்டு லாக் என்ற பதிப்பகம் மொத்த உரிமையையும் 25 பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது. 1887 கிறிஸ்துமஸ் மலர் ஒன்றில் வெளிவந்தது. அடுத்த வருஷம் தனிப் புத்தகமாக வந்தபோது படம் வரைந்தவர் யார் தெரியுமா? விடுதியில் இருந்த அப்பா சார்லஸ். அவர் வரைந்த ஹோம்ஸுக்குத் தாடி உண்டு.

1891-இல் டாயில் ஒரு முடிவு எடுத்தார். கண் மருத்துவராகிவிடலாம். வியன்னா போய்க் கொஞ்ச காலம் கண் சிகிச்சை படித்துவிட்டு, லண்டனில் வாடகைக்கு இடம் பிடித்து உட்கார்ந்தார். அவர் கணக்குப்படி ஒரு நோயாளிகூடப் படியேறி வரவில்லை. மறுபடியும் பேனாதான். ஸ்ட்ராண்ட் என்ற மாதப் பத்திரிகைக்கு ஹோம்ஸை வைத்துச் சிறுகதைகள் எழுதினார். ஜூலை மாதம் முதல் கதை வந்தது. அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும்.

நமக்குத் தெரியாத பாதி இதுதான்: அதே வருஷம் நவம்பரிலேயே ஹோம்ஸைக் கொன்றுவிடப் போவதாக அம்மாவுக்குக் கடிதம் எழுதிவிட்டார்! தன்னுடைய உண்மையான வேலை சரித்திர நாவல்கள் என்று நம்பினார். தி வைட் கம்பெனி மாதிரி புத்தகங்களுக்கு மாதக்கணக்கில் படித்துக் குறிப்பெடுத்து உழைத்தார். அதையெல்லாம் விட்டுவிட்டு ஜனங்கள் இந்தக் குழாய் பிடிக்கிற ஆளையே கேட்டால் எரிச்சல் வராதா? அம்மா விடவில்லை. கொல்லக் கூடாது என்று திட்டினதோடு, ஒரு கதைக்குக் கருவையும் கொடுத்தார். பத்திரிகை இன்னும் கேட்டபோது, மறுத்துவிடட்டும் என்று 12 கதைக்கு 1000 பவுண்டு என்றார். அவர்கள் உடனே சரி என்றுவிட்டார்கள்.

1893 கோடையில் சுவிட்சர்லாந்தில் ரைகன்பாக் அருவியைப் பார்த்தார். ஆளைத் தள்ளிவிட நல்ல இடம். அந்த வருஷம் அவருக்கு மோசமான வருஷம். மனைவி லூயிசாவுக்குக் காசநோய் என்று தெரிந்தது. அக்டோபரில் அப்பா விடுதியிலேயே இறந்துபோனார். டிசம்பரில் ஹோம்ஸும் மோரியார்ட்டியும் கட்டிப்புரண்டு அருவிக்குள் போனார்கள். 20,000 பேர் ஸ்ட்ராண்ட் சந்தாவை நிறுத்தினார்கள் என்று சொல்வார்கள். டாயில் அசரவில்லை.

எட்டு வருஷம் தாக்குப்பிடித்தார். போயர் போருக்குப் போய் டைபாய்டு நோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்தார், சர் பட்டம் வந்தது. 1901-இல் பாஸ்கர்வில் வேட்டை நாய் கதையை, ஹோம்ஸ் சாவதற்கு முன்னால் நடந்ததாகச் சொல்லி எழுதினார். 1903-இல் சாகவே இல்லை என்று எழுதி ஆளைத் திரும்பக் கொண்டுவந்தார். பணம்தான் காரணம், அதை அவர் மறைக்கவும் இல்ல.

இதுவரைக்கும் சொன்னது கொஞ்சம் பேருக்காவது தெரிந்திருக்கும். நான் இந்தக் கட்டுரையை எழுதினதே அடுத்து வரும் கதைக்காகத்தான்.

ஜார்ஜ் எடால்ஜி என்று ஒரு இளம் வக்கீல். அப்பா ஷாபுர்ஜி பம்பாய்க்காரர், பார்சி குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவராகி, இங்கிலாந்தில் கிரேட் வைர்லி என்ற கிராமத்தில் பாதிரியாராக இருந்தவர். அந்த ஊரில் ஒரு மாநிறக் குடும்பம். வருஷக்கணக்காக மொட்டைக் கடுதாசிகள் வந்தன. 1903-இல் ராத்திரி நேரத்தில் யாரோ குதிரைகளையும் மாடுகளையும் வயிற்றைக் கிழித்துப் போட்டார்கள். போலீஸ் நேராக ஜார்ஜைப் பிடித்தது. 7 வருஷம் தண்டனை. மூன்று வருஷம் கழித்துக் காரணமே சொல்லாமல் வெளியே விட்டார்கள். ஆனா குற்றவாளி என்ற பேர் அப்படியே இருந்தது, வக்கீல் தொழில் போனது போனதுதான். ஜார்ஜ் டாயிலின் உதவியைக் கேட்டு எழுதினார்.

1907 ஜனவரியில் லண்டனில் ஒரு ஹோட்டலில் சந்திக்க ஏற்பாடு. டாயில் வர லேட். உள்ளே நுழைந்தவர் தூரத்திலேயே நின்றுவிட்டார். ஜார்ஜ் செய்தித்தாளைக் கண்ணுக்கு மிக அருகில், ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். கடுமையான கிட்டப்பார்வை. இருட்டில், மழையில், வயல்வெளியைத் தாண்டிப் போய்க் குதிரையைத் தேடிப்பிடித்துக் கிழித்துவிட்டுத் திரும்பி வந்திருப்பார் என்று நீதிமன்றம் நம்பியது இந்த ஆளையா?

யோசிச்சுப் பாருங்க. ஒரு நோயாளிகூட வராத அந்தக் கண் டாக்டர் படிப்பு, 16 வருஷம் கழித்து ஒரே ஒருவருக்கு உதவியது. அந்தக் கணத்தில் டாயில் செய்தது அப்படியே டாக்டர் பெல் செய்தது, அப்படியே ஹோம்ஸ் செய்தது. அப்புறம் கிராமத்துக்கே போய் விசாரித்தார். டெய்லி டெலிகிராப்பில் விவரமாக எழுதினார், அதை யார் வேண்டுமானாலும் மறுபடி அச்சிடலாம் என்று உரிமையையும் விட்டுக்கொடுத்தார். அந்த மே மாதம் ஜார்ஜ் குதிரை வழக்கில் குற்றமற்றவர் என்று அரசு ஒப்புக்கொண்டது. ஆனா கடுதாசிகளை அவரே எழுதினார் என்று சொல்லி ஒரு பைசா இழப்பீடு கொடுக்கவில்லை. டாயிலுக்குக் கடைசி வரை அது ஆறாத கோபம். ஜார்ஜுக்கு வக்கீல் தொழில் திரும்பக் கிடைத்தது. அந்த வருஷமே இங்கிலாந்தில் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அமைக்கச் சட்டம் வந்ததற்கு இந்த வழக்கும் ஒரு காரணம். லூயிசா 1906-இல் இறந்திருந்தார். டாயில் 1907 செப்டம்பரில் ஜீன் லெக்கியை மறுமணம் செய்தபோது, விருந்துக்கு வந்தவர்களில் ஜார்ஜும் ஒருவர்.

பிறகு ஆஸ்கர் ஸ்லேட்டர் என்பவருக்காகவும் போராடினார். கொலை செய்யாமலே ஆயுள் தண்டனை. டாயில் 1912-இல் அவருக்காகப் புத்தகம் போட்டார், தண்டனை ரத்தானது 1928-இல்.

இப்போ அந்தத் தேவதைகளுக்கு வருவோம். முதல் உலகப் போர் முடிகிற சமயத்தில் மகன் கிங்ஸ்லி இறந்தார், அடுத்து தம்பி இன்னஸ். ஆவிகளோடு பேசலாம் என்பதில் டாயிலுக்கு முன்பே இருந்த ஆர்வம் முழு நம்பிக்கையானது. 1920-இல், காட்டிங்லி என்ற ஊரில் இரண்டு பெண் பிள்ளைகள் தேவதைகளோடு எடுத்த போட்டோக்கள் அவர் கைக்கு வந்தன. நம்பினார். ஸ்ட்ராண்டிலேயே எழுதினார், 1922-இல் புத்தகமும் போட்டார். அந்தத் தேவதைகள் அட்டையில் வரைந்து வெட்டி ஒட்டினவை என்று அந்தப் பெண்கள் ஒப்புக்கொண்டது 1983-இல், பாட்டிகளான பிறகு. செருப்பைப் பார்த்து ஊரைச் சொன்னவரின் மாணவர், ஜார்ஜின் கண்ணைப் பார்த்து உண்மையைச் சொன்னவர், ஒரு அட்டைத் துண்டைப் பார்க்கவில்லை. சிரிக்கலாம்தான். ஆனா அப்பாவின் நோட்டில் இருந்த தேவதைகளை நினைச்சா எனக்குச் சிரிப்பு வரல.

1930 ஜூலை 7 காலமானார். 4 நாவல், 56 சிறுகதை ஹோம்ஸுக்கு. சில நாள் கழித்து லண்டன் ஆல்பர்ட் ஹாலில் ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடியது. மேடையில் அவருக்காக ஒரு காலி நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள், ஆவியாக வந்து உட்காருவார் என்று.

கட்டி வைத்தாலும் கொன்றாலும் சரி என்று அவர் சொல்லியிருந்தாலும், வாரிசுகள் அப்படி விடவில்லை. மியாசாகி 6 எபிசோட் இயக்கின நிலையில், உரிமைப் பிரச்சினையால் வேலை நின்றுபோனது என்கிறார்கள். அதில் இரண்டு, 1984 மார்ச்சில் அவருடைய நவுசிகா படத்தோடு தியேட்டரில் ஓடியது. மீதியை வேறொரு இயக்குநர் முடித்துக்கொடுக்க, அந்த நவம்பரில் 26 எபிசோட் தொடராக ஜப்பான் டிவிக்கு வந்தது. ஓவியர் குடும்பத்தில் எழுத்தாளராகிப்போன ஒருவரின் ஆள், இப்படி மறுபடியும் ஓவியர்கள் கைக்கே போய்ச் சேர்ந்தான்.

எங்கிருந்து ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா, நீலக்கல் எபிசோட். மோரியார்ட்டியின் பறக்கும் இயந்திரமும், பாலி என்ற பிக்பாக்கெட் சிறுமியும் வருகிற அது. அப்புறம் அதே பேரில் டாயில் எழுதின மூலக் கதையைப் படிங்க, கல் ஒரு வாத்தின் தொண்டைப் பைக்குள் இருக்கும். இரண்டுக்கும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. மூலக் கதையில் திருடன் மாட்டின பிறகு ஹோம்ஸ் அவனை என்ன செய்கிறார் என்பதை மட்டும் நான் சொல்ல மாட்டேன்.